கலாதேவியின் மூளையில்லாக் கேமரா

கலாதேவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். எங்கள் சுங்கை சிப்புட் ஊரில் வெள்ளை வேன்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் வெள்ளி நிறத்தில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா கிடந்தால் அது அவளுடையது. வயது நாற்பத்தெட்டு. காலை ஐந்தே காலுக்கு வண்டியை எடுப்பாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள், மூன்றாவது கிடையாது. விடப்பட்ட பிள்ளையின் அம்மா சண்டைக்கு வந்தால், "உங்க ஒரு பிள்ளைக்காக நான் பதிமூணு பிள்ளைய லேட்டாக்கணுமா? போங்கலா" என்று கண்ணாடியை ஏற்றிவிடுவாள்.

நான் சுரேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் போட்டோ கடை வைத்திருக்கிறேன். ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்குப் படம், கல்யாண ஆல்பம், இறந்தவர்களுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம், எல்லாம் உண்டு. கலாதேவியை இருபது வருடமாகத் தெரியும். அதில் பதினைந்து வருடம், நான் செய்யாத ஒரு குற்றத்துக்காக என்னைத் திட்டினாள். செய்த குற்றம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அந்தக் கேமரா 2006இல் வாங்கியது. தங்கை பிரமிளாவுக்குப் பெண் குழந்தை பிறந்த வருடம். ஐந்து மெகாபிக்சல், இரண்டு சின்ன பேட்டரி, கட்டை விரல் அளவுக்குத் திரை. தன் வேனில் வரும் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும் வேன் கதவோரம் நிற்க வைத்து ஒரு படம் எடுப்பாள். வெள்ளிக்கிழமை கார்டைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள், திங்கள்கிழமை படங்களோடு வாங்கிப் போவாள். இன்றுவரை இதுதான் நடைமுறை.

"எந்தக் காலத்து டப்பா இது கலா? போன்ல எடு. தெளிவா வரும்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"என் வேன்ல பதினாலு பிள்ளைங்க, பதினாலு கலரு. போன்ல எடுத்தா எல்லாம் ஒரே மாவுல புடிச்ச கொழுக்கட்ட மாதிரி இருக்கு. எந்தப் பிள்ள யாருதுன்னே தெரியல அண்ணே."

எரிச்சலாக இருந்தாலும் அவள் சொன்னது சரிதான். போன் படம் எடுப்பதோடு நிற்பதில்லை. நிழலைத் தூக்கிவிடும், தோலை வழித்துவிடும், கறுப்பைப் பார்த்தால் ஏதோ கோளாறு என்று நினைத்து வெளிச்சம் பூசும். அந்தப் பழைய கேமராவுக்கு அவ்வளவு மூளை கிடையாது. பிளாஷ் பளிச்சென்று முன்னால் இருக்கிற முகத்தில் அடிக்கும், பின்னால் இருப்பதெல்லாம் இருட்டில் போய்விடும். சிவப்பு கொஞ்சம் காவியாக வரும், இருட்டில் பொரிப்பொரியாகத் தெரியும். ஆனால் கறுத்த பிள்ளை கறுப்பாகவே வரும், நெற்றியில் எண்ணெய் மினுக்கோடு. இதற்காகத்தான் இப்போது ஈப்போவில் காலேஜ் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விடியற்காலையே போய் இந்தப் பழைய கேமராக்களைத் தேடுகிறார்கள். நான் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்து குப்பையில் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிரமிளா 2010இல் டிங்கிக் கொசுக் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் புருஷன் மறுகல்யாணம் செய்துகொண்டு ஜொகூருக்குப் போனான். நான்கு வயது தினேஸ்வரியைக் கலாதேவிதான் வளர்த்தாள். தானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஆமா, இருக்கற பதினாலு பத்தாது" என்பாள்.

பிரமிளாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கல்யாணப் படத்திலிருந்து முகத்தை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தது நான். பிரமிளா நல்ல கறுப்பு. நான் அவள் நிறத்தை இரண்டு படி வெள்ளையாக ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். மணப்பெண் என்றாலும் இறந்தவர் என்றாலும் இரண்டு படி ஏற்றுவது எங்கள் தொழிலில் எல்லாக் கடையிலும் உள்ள பழக்கம். படத்தைப் பார்த்ததும் கலாதேவி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் உறவுக்காரப் பெண்கள், "மகாலட்சுமி மாதிரி இருக்கா" என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். படம் சுவரில் ஏறியது.

தினேஸ்வரி அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தாள். அவளும் நல்ல கறுப்பு. கோயிலில் பார்க்கிறவர்கள், "அம்மா கலரு உனக்கு வரலையே" என்று உச்சுக் கொட்டுவார்கள். "உங்கம்மா உன் கலர்தான்டி" என்று கலாதேவி சொன்னால் பெண் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். சுவரில் இருக்கிற படம் வேறு மாதிரி அல்லவா சொல்கிறது? பதினேழு வயதில் கிரீம் தடவ ஆரம்பித்தாள். போன வருடம் ஏதோ பெயர் தெரியாத டப்பா ஒன்று இரண்டு கன்னத்தையும் பொசுக்கிவிட்டது. தோல் உரிந்து, ஆஸ்பத்திரி, மருந்து, இரண்டு மாதம் காலேஜுக்குப் போகவில்லை.

அப்போதுதான் கலாதேவி கடைக்கு வந்தாள். "பிரமிளாவோட ஒரிஜினல் படம் வேணும் அண்ணே. நீங்க கை வைக்காதது."

என்னிடம் இல்லை. கம்ப்யூட்டர் மூன்று தடவை மாறிவிட்டது. கல்யாண ஆல்பம் புருஷனோடு ஜொகூருக்குப் போய்விட்டது. வேறு படமும் கிடையாது, கேமராவைக் கண்டால் ஓடி ஒளிகிறவள் பிரமிளா.

"ஏழு படம் இருந்துச்சு. 2009 தீபாவளிக்கு எடுத்தேன். நீங்கதான் அழிச்சிட்டீங்க" என்றாள்.

அதுதான் அந்தப் பழைய வழக்கு. தீபாவளி அன்று காலையில் எடுத்த ஏழு படங்கள், என் கடையிலிருந்து கார்டு திரும்பி வந்தபோது காணவில்லை என்பது அவள் கட்சி. நான் ஒரு படத்தையும் தொடவில்லை என்பது என் கட்சி. அன்றிலிருந்து என்மேல் நம்பிக்கை இல்லாமல் இரண்டாவது கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்று என் கடையில் இருந்தால் மற்றது கேமராவில் இருக்கும். அந்த இரண்டாவது கார்டு இந்த வருடம் உடைந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. ஈப்போவில் தோழிகளோடு படம் எடுக்கப் போவதற்காக, தினேஸ்வரி பெரியம்மாவின் கேமராவைக் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறாள். டப்பா என்று சிரித்தவள்தான், இப்போது காலேஜே கேட்கிறதே! முதல் நாள்தான் கார்டு என் கடைக்கு வந்திருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு மூச்சு வாங்க என் கடைக்குள் நுழைந்தாள். கேமராவை நீட்டினாள். திரையில் மஞ்சள் சேலையில் அவள் நின்றாள். நெற்றியில் நல்லெண்ணெய் மினுக்கு, இடுப்பில் ஒரு பிள்ளை, பாதி மூடிய கண்ணோடு சிரிப்பு.

"சேலை நல்லா இருக்கும்மா. யாரு வீட்டுப் பிள்ளைய தூக்கி வச்சிருக்க?" என்றேன்.

"அது நான் இல்ல அங்கிள். இடுப்புல இருக்கறதுதான் நான்."

கேமராவின் அடியைத் திறந்து பார்த்தேன். கார்டு இல்லை. கார்டு இல்லாவிட்டால் தன் வயிற்றுக்குள்ளேயே ஏழெட்டுப் படம் வைத்துக்கொள்கிற ரகம் அது. கார்டைப் போட்டால் அவற்றைக் காட்டாது. அந்தத் தீபாவளிக்கும் கார்டு என் கடையில்தான் இருந்திருக்கிறது. கார்டு இல்லாமல் எடுத்தேன் என்று கலாதேவி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினைந்து வருடம் இரண்டு பேரும் வாய் வலிக்கச் சண்டை போட்டதுதான் மிச்சம்.

கலாதேவிக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வேன் வந்து நின்றது. திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நீங்க அழிக்கல" என்றாள்.

"அழிக்கல கலா. ஆனா வேற ஒண்ணு செஞ்சேன்." தினேஸ்வரியைப் பார்த்துச் சொன்னேன். "உங்க வீட்டுச் சுவத்துல இருக்கற கலரு நான் போட்டதும்மா. உங்கம்மா கலரு இதுதான்."

"யாரு கேட்டா உங்கள?" என்றாள் தினேஸ்வரி.

"யாரும் கேக்கல."

கன்னத்தில் அந்தத் தழும்போடு அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை ஏற்றியிருப்பேன், கணக்கே கிடையாது.

கலாதேவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணே. படத்தப் பாத்ததுமே தெரியும். அழற நேரத்துல என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அன்னிக்கே எறக்கி வச்சிருந்தா இவ மூஞ்சி வெந்திருக்காது." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்றாவது ஹாரன் அடிக்காத பெண் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கேமராவுக்குரிய ஒயரைத் தேடி மூன்று இழுப்பறைகளைக் கொட்டினேன். கிடைத்தது. ஏழு படமும் கம்ப்யூட்டருக்கு வந்தன. தினேஸ்வரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஒண்ணும் தொடாதீங்க அங்கிள்."

"தொடலம்மா."

படம் பிரிண்டரிலிருந்து சூட்டோடு வெளியே வந்தது. ஐ.சி. படத்துக்கு வருகிறவர்கள் தலை சீவுகிற கண்ணாடிக்கு முன்னால் தினேஸ்வரி போய் நின்றாள். படத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் அதையும் தன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பெரியம்மா," என்றாள், "எனக்கு அம்மா மூக்கும்தான் வந்திருக்கு."