கிள்ளி ஒட்டிய பச்சைச் சீட்டு

ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் கிள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைக் கிள்ள மாட்டார், குழாயைத்தான். நோயாளியின் ரத்தத்துக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் பம்புகளைச் சோதிப்பது அவர் வேலை. தரைக்குக் கீழே, துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்து அறை. பம்பை ஓடவிட்டு, வரும் தண்ணீரை அளவுக் குப்பியில் பிடித்துப் பார்ப்பார். பிறகு குழாயை இடுக்கியால் கிள்ளிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். வழி அடைத்தால் பம்பு கத்த வேண்டும். கத்தினால் பாஸ். அதன் தலையில் பச்சைச் சீட்டு, சீட்டில் அவர் கையெழுத்து.

மெதுவான ஓட்டத்தில் கிள்ளினால் அழுத்தம் ஏறிக் கத்துவதற்குள் ஒரு டீ குடித்து, இரண்டு கொட்டாவியும் விட்டுவிடலாம். வேகத்தில் வைத்தால் உடனே அலறும். நம்ம ஆள் கெட்டிக்காரர் அல்லவா? எல்லாவற்றையும் வேகத்தில் மட்டும் அலறவைத்து மாடிக்கு அனுப்பிவந்தார். மெதுவாகவும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரியாதவர் இல்லை.

ஆபரேஷன் முடிந்து அவருடைய அக்கா மேல்மாடி வார்டில் படுத்திருந்தாள். வலிக்கு மருந்து, மிக மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் கிள்ளி எட்டிப்பார்த்தார்.

“வந்துட்டான் பாருங்க, எங்க வீட்டு விஞ்ஞானி!” என்று அக்கா பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சொன்னாள். “இந்த மெஷின்ல இருக்கிற கையெழுத்து இவனோடதுதான்.”

“கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கே. மெஷினாவது ஒழுங்கா ஓடுதா?” என்றாள் அந்த அம்மா.

அக்கா சிரித்தாள். சிரித்த உதடு வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை.

“என்னக்கா, வலிக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லடா.”

அப்போதுதான் பார்த்தார். குழாய் கட்டில் கம்பியில் சிக்கி இரண்டாக மடிந்திருந்தது. மருந்து போகவே இல்லை. பம்போ பச்சை விளக்கோடு, பூனை போல சாதுவாக நின்றது.

நிமிர்த்தக் கை போனது. நிறுத்திக்கொண்டார். தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே பாய்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

“சிஸ்டர்! சீக்கிரம் வாங்க!”

நர்ஸ் ஓடிவந்தாள். கைக்குப் பக்கத்திலிருந்த கிளிப்பை மூடி, பம்பை நிறுத்திக் குழாயைக் கழற்றினாள். “அடைச்சிருக்கு. இது ஏன் கத்தலை?”

“நான்தான் கையக் கண்டபடி வச்சிட்டேன் போல,” என்று அக்கா முந்திக்கொண்டாள்.

தப்பித்துப் போக அவருக்குக் கதவு அகலத் திறந்திருந்தது. கிள்ளி அதை ஒருதரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“இல்ல சிஸ்டர். மெதுவா ஓடுறப்ப கத்துதான்னு நான் பார்க்கவே இல்ல. இது மட்டும் இல்ல, என் சீட்டு இருக்கிற எதையுமே.”

நர்ஸ் திட்டவில்லை. “உங்க மேலதிகாரிகிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க. நானும் சொல்லத்தான் போறேன்,” என்றாள். திட்டியிருக்கலாம்.

வேறு பம்பு வந்து அக்காவின் முகம் தெளிந்தது. “வலிக்குதுன்னு முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே?” என்றார் கிள்ளி.

“நீ பார்த்த மெஷின்னு வார்டு பூராவும் பீத்திக்கிட்டேனே. அப்புறம் எப்படிடா சொல்றது?”

ஒரு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பார்.

சாயங்காலத்துக்குள் வார்டுகளிலிருந்து பம்புகள் கீழே வந்து குவிந்தன. சீட்டுகளைக் கிள்ளியேதான் உரித்தார். இனி கையெழுத்துப் போடுவது வேறு ஆள் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அக்காவின் பம்பை முதலில் எடுத்து, மெதுவான ஓட்டத்தில் வைத்து, குழாயைக் கிள்ளினார். யாரோ டீ வைத்துவிட்டுப் போனார்கள். அது ஆறி ஆடை கட்டியது. பம்பு இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.