ஏறும்போது தண்ணீர், இறங்கும்போது பனி

அன்றைய கடைசி வீட்டில் முடி வெட்டி முடித்து, சீப்பையும் கத்தரியையும் துடைத்துப் பையில் போட்டதும் மசாயோ செய்யும் அடுத்த வேலை அந்த வீட்டு வாசலில் கிடக்கும் பனியை அள்ளுவதுதான். குட்டி வேனின் பின்கதவைத் திறப்பாள். உள்ளே ஆப்பிள் பறிக்கும் நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு இருக்கும். அவற்றில் பனியை வாரிப் போட்டு, ரப்பர் பூட்ஸ் காலால் மிதித்து இறுக்கி, மேலும் நாலு வாரி போட்டுக் கதவைச் சாத்துவாள். வீட்டுக்காரர்கள் யாரும் தடுப்பதில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலையும் மாலையும் முதுகு ஒடிய அள்ளி, எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நாங்கள் தவிக்கிற பொருள் அது. "இன்னும் ரெண்டு பெட்டி கொண்டு வந்திருக்கக் கூடாதா" என்றுதான் கேட்பார்கள்.

ஜப்பானின் வடக்கே, அகிதா மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மசாயோவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த உரிமையில் 'அவள்' என்று எழுதுகிறேன், அவளிடம் தலையைக் கொடுப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நான் வீடு வீடாகக் கணப்பு அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் லாரி ஓட்டுகிறேன். அவள் நடமாட முடியாதவர்களின் வீடு தேடிப் போய் முடி வெட்டுகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே மலைப்பாதை. என் பெயரை அவள் சொல்லி நாற்பது வருடம் இருக்கும். "ஏய் மண்ணெண்ணெய்" என்றால் நான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பனி அள்ளுவதற்குக் கணக்கான காரணம் உண்டு. அவளுடைய பழைய வேனைப் பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே தள்ளும். தலை கழுவ அறுபது லிட்டர் வெந்நீரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். அந்தக் கனத்தில் பின்சக்கரம் பனியைக் கவ்விக்கொண்டு ஏறிவிடும். கடைசி வீடு முடிவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். வண்டியின் பின்பக்கம் லேசாகிவிடும். திரும்பும் வழியில் பாலத்தைத் தாண்டி ஒரு சின்ன மேடு உண்டு. வெறும் வண்டி அங்கே நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் பனிப்பெட்டி. "ஏறும்போது தண்ணி, இறங்கும்போது பனி. ரெண்டும் சும்மா கிடைக்குது" என்பாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டுச் சமைக்கப் போவாள்.

ஆள் குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே பார்வை எட்டுவதற்கு இரண்டு மெத்தை போட்டு உட்காருவாள். எந்த வீட்டு வாசலிலும் வண்டியின் மூக்கு வெளியே போகும் பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். குளிரில் ஹேண்ட் பிரேக் போட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்று நாங்கள் எல்லோருமே போடுவதில்லை. அவள் கோடையிலும் போடுவதில்லை. நிறுத்தியதும் வைப்பரைத் தூக்கி நிறுத்துவது, அது கண்ணாடியோடு உறைந்து ஒட்டாதிருக்கப் பனிக்காலத்தில் செய்கிற காரியம். அவள் ஜூலை மாத வெயிலிலும் தூக்கி நிறுத்திவிட்டுப் போகிறாள். கேட்டால், "கைக்கு மாசம் தெரியுமா" என்பாள்.

போன அக்டோபரில் அந்த வேன் செத்தது. பனி உருகுவதற்குச் சாலையில் தூவும் உப்பு இருபத்திரண்டு வருடமாகத் தின்று, கால் வைக்கும் தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. மெக்கானிக் ஒயிகாவா கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "அக்கா, இதுக்கு மேல இதை ஓட்டணும்னா நீங்க காலை வெளிய விட்டு ஓடித்தான் ஓட்டணும்" என்றார். அவரிடம் விற்பனைக்கு இரண்டு வேன் நின்றன. ஒன்று பழையதைப் போலவே இரண்டு சக்கரம் தள்ளுவது. மற்றது நான்கும் சேர்ந்து இழுப்பது. எங்கள் ஊரில் "ரெண்டா, நாலா" என்று கேட்டால் பிள்ளைகளை விசாரிக்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை.

அடுத்த ஒரு மாதம் அவள் கத்தரிக்குக் கீழே உட்கார்ந்த ஒவ்வொரு தலையும் இதற்குப் பதில் சொன்னது. நாலு வாங்கு என்றார்கள் பெரும்பாலானவர்கள். "பள்ளத்துல கிடக்கிற வண்டியெல்லாம் எண்ணிப் பாருங்க. முக்காவாசி நாலுதான். உங்க தைரியம்தான் உங்களைத் தள்ளிவிடுது" என்பாள் அவள். அவளுடைய கணவன் கோயிச்சியே தன் நாலு சக்கர வண்டியை ஒரே வயலில் இரண்டு குளிர்காலம் இறக்கியவன். "நாலும் சேர்ந்து ஓடும். நிக்கணும்னு வரும்போது நாலும் சேர்ந்து வழுக்கும்" என்று அவள் சொல்லும்போது கத்தரி காதோரம் இருக்கும். அந்த நேரத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நானும் ஒருமுறை ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு பேச்சுக்கும் அடியில் இருந்தது ஒரே ஒரு வீடு. காமிசாவா என்ற மேல்கிராமத்தில், குதிரை உருண்ட ஏற்றம் என்று பெயர் பெற்ற சரிவின் உச்சியில் தெய்சோ அண்ணன் வீடு. இருபது வருடம் ஊரின் பனி வாரும் வண்டியை ஓட்டியவர். மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை மசாயோ அந்தப் பக்கம் போகும் நாள். அன்று மட்டும் அவர் அந்த ஏற்றத்தை முதலில் வாரி, வழவழப்பு போகும்படி சுரண்டியும் விட்டுவிடுவார். யாரும் கேட்டுக்கொண்டதல்ல. முந்தின வருடம் நவம்பரில் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் உடைந்து உடைந்துதான் வரும். அதற்கப்புறம் வாசல்படி தாண்டவில்லை. மாதம் ஒருமுறை முடி வெட்டும் நாளில் மட்டும் தானாக எழுந்து உட்கார்ந்து காத்திருப்பார் என்று அவர் மனைவி நொபுகோ அக்கா சொன்னார்.

போன குளிர்காலம் மசாயோவால் போக முடியவில்லை. பனி வாரும் வண்டி இப்போது கீழ்க் கிராமங்களை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் அங்கே வருகிறது. ஜனவரியில் மூன்று முறை ஏறப் பார்த்து மூன்று முறையும் பாதியில் பின்னால் இறங்கினாள். பிப்ரவரியில் முக்கால்வாசி ஏறிவிட்டாள். அங்கே நின்றுபோன வண்டி, பின்னோக்கிச் சறுக்கிக் குறுக்காகத் திரும்பி, ஓடையின் விளிம்பில் வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்றது. இழுத்துவிட்டது என் லாரிதான். வீட்டில் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். என் லாரியில் ஏறிக்கொள், மேலே விட்டுவிடுகிறேன் என்றேன். "தண்ணி, தொட்டி, நாற்காலி எல்லாம் உன் மடியில வச்சுக்குவியா? மண்ணெண்ணெய் வாசத்தோட அவரு தலைக்குத் தண்ணி ஊத்தச் சொல்றியா?" என்றாள்.

மார்ச் கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் முடி காதை மூடியிருந்தது. வெட்டி முடித்துக் கண்ணாடியைப் பிடித்தாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை என்னிடம் சொன்னபோது அவள் அழுதாள். "எனக்காக இருபது வருசம் ரோட்டைச் சுரண்டின மனுசன். என்னால ரெண்டு மாசம் ஏற முடியல" என்றாள். அவளை நான் அழுது பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஆகவே ரெண்டு வாங்கினால் ஏற முடியாது. நாலு வாங்கினால் ஏறலாம். இறங்கும்போது அந்த ஓடை விளிம்பு நினைவில் நிற்கும். அக்டோபர் தரையில் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் தங்கமாகத்தான் ஓடும் என்று, முதல் பனி விழும்வரை எதையும் வாங்க மறுத்துவிட்டாள். அதுவரை அடிவாரத்து வீடுகளுக்குக் கோயிச்சி கொண்டுபோய் விட்டான். ஒயிகாவா முனகிக்கொண்டே இரண்டு வேனுக்கும் பனி டயர் மாட்டிக் காத்திருந்தார்.

நவம்பர் கடைசி வாரம் ஒரு சாண் விழுந்தது. விடிந்ததும் விவசாயச் சங்கத்துக் கடையின் காலியான வண்டி நிறுத்துமிடத்துக்கு இரண்டு வேனையும் கொண்டுவரச் சொன்னாள். என்னையும் வரச் சொன்னாள். சரியாக ஒரு கோட்டில் பிரேக் மிதிப்பாள். நின்ற இடத்தில் நான் ஒரு காலி மண்ணெண்ணெய்க் கேனை வைக்க வேண்டும். ரெண்டுக்கு ஒரு கேன், நாலுக்கு ஒரு கேன். எட்டு முறை ஆயிற்று. இரண்டு கேனுக்கும் நடுவே என் பூட்ஸ் நீளம்கூட இல்லை.

"பாத்தியா, நிக்கறதுல ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

"கிளம்பறதுல எவ்வளவு வித்தியாசம், அதைச் சொல்லுங்க" என்றார் ஒயிகாவா. "ரெண்டு உறுமிக்கிட்டு நிக்குது. நாலு வெண்ணெய் மாதிரி போகுது."

"அதுதான் எனக்குப் பயம். ரெண்டு வழுக்குச்சுன்னா, இன்னைக்கு ரோடு சரியில்லை, மெதுவாப் போன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பும். இது ஒண்ணுமே சொல்லாமக் கிளம்பிடுது. அப்புறம் நான் யாருகிட்ட ரோட்டைப் பத்திக் கேக்கறது?"

ஒயிகாவா முப்பது வருடமாக வண்டி விற்கிறவர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு வேனுக்குள் குனிந்து கியர் கம்பியின் தலையில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினார். "இதை அமுக்கினாத்தான் நாலு. இல்லைன்னா இதுவும் ரெண்டுதான். நான் அமுக்கியே விட்டுட்டேன்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நாலு வாங்கறவங்க யாருமே திரும்ப ரெண்டுக்கு வரமாட்டாங்க அக்கா. யாரும் கேட்டதில்லை."

அவள் பொத்தானை விடுவித்தாள். வண்டி உறுமியது, வழுக்கியது, மெல்ல நகர்ந்தது. அமுக்கினாள். சத்தமில்லாமல் கிளம்பியது. இப்படி ஆறேழு முறை. பிறகு, என் லாரியில் ஏற்றிவந்திருந்த பழைய வேனின் மெத்தைகள் இரண்டையும் எடுத்து இதன் சீட்டில் போட்டாள். அதுதான் வாங்கிவிட்டாள் என்பதற்கு அடையாளம். நீலப் பெட்டிகளையும் ஏற்றப் போனபோது ஒயிகாவா தடுத்தார். "அதைத் தூக்கிப் போடுங்க. நாலுக்குப் பாரம் எதுக்கு? பாலத்து மேடெல்லாம் இது தூங்கிக்கிட்டே ஏறும்." அவள் ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்டாள். இன்னொன்றைத் துண்டு வைத்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொண்டாள்.

இப்போதும் ஒவ்வொரு நாளும் வாசலில் முதலில் ரெண்டில் கிளம்பிப் பார்க்கிறாள். சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்கிறாள். "ரோட்டை விசாரிச்சிட்டேன்" என்று கோயிச்சியிடம் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குகிறாள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கோயிச்சி இந்த வருடம் இதுவரை வயலில் இறங்கவில்லை. அவனும் விசாரிக்கிறான் போலிருக்கிறது; கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஜனவரி மூன்றாவது புதன்கிழமை காலை நல்ல வெயில். முந்தின நாள் விழுந்த பனி ஏற்றத்தில் அப்படியே கிடந்தது. அவள் முன்னே, சக்கரத்தில் சங்கிலி மாட்டிய லாரியோடு நான் பின்னே. அடிவாரத்தில் நிறுத்தினாள். ரெண்டில் ஒருமுறை உறுமிப் பார்த்தாள். பிறகு ஒரே சீராக, நடக்கிற வேகத்தில் ஏறினாள். போன வருடம் சாய்ந்து நின்ற வேலிக்கம்பத்தைத் தாண்டும்போது மட்டும் வண்டி தயங்கியது. அவள் பின்னாலேயே என் லாரியும் உச்சியில் வந்து நின்றது. அவள் இறங்கி, வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு, "ஏன் உன் முகம் இப்படி வெளுத்திருக்கு, ஏறினது நான்தானே" என்றாள்.

உள்ளே தெய்சோ அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். எந்த வண்டியில் வந்தாய் என்று கண்ணாலேயே கேட்டார். "நாலு வாங்கிட்டேண்ணே. ஓட்டறது என்னவோ ரெண்டு மாதிரிதான்" என்று அவள் சொல்ல, அவருடைய இடதுபக்க உதடு மட்டும் சிரித்தது. வெட்டி, கழுவி, துவட்டி, கண்ணாடியைப் பிடித்தாள். அவர் பார்த்தார். பக்கவாட்டில் திருப்பச் சொல்லி மறுபடி பார்த்தார். நொபுகோ அக்கா தேநீரும் புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

நான் வெளியே வந்து அவர்கள் வீட்டுத் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். மசாயோ தலை கழுவும் தொட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினோம். சக்கர நாற்காலியில் தெய்சோ அண்ணன். தோளில் கம்பளி, தலையில் புதுத்தொப்பி. பதினாலு மாதம் கழித்து வாசலுக்கு வந்திருக்கிறார். இடது கையில் குப்பை வாரும் முறத்தைப் பிடித்திருந்தார்.

"சொன்னாக் கேக்கமாட்டேங்கறாரு" என்றார் பின்னால் தள்ளிக்கொண்டு வந்த நொபுகோ அக்கா. "தள்ளு, தள்ளுன்னு நாற்காலியைத் தட்டறாரு."

அவர் மோவாயால் வேனைக் காட்டினார். வாயைக் கோணி, நேரம் எடுத்து, ஒரு சொல்லை வெளியே கொண்டுவந்தார்.

"பெட்டி."

மசாயோ என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன். நாலுக்குப் பாரம் தேவையில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்; இருபது வருடம் பனி வண்டி ஓட்டிய அவருக்கும் தெரியாமலா இருக்கும்.

அவள் நீலப் பெட்டியில் இருந்த துண்டுகளை முன்சீட்டில் கொட்டினாள். பெட்டியைக் கொண்டுவந்து நாற்காலியின் இடப்பக்கம் வைத்தாள். அவர் குனிந்து, படியோரத்துப் பனியை முறத்தில் அள்ளினார். பழகாத இடது கையில் முறம் சாய்ந்து, பாதி அவர் முழங்காலிலேயே விழுந்தது. மீதி பெட்டிக்குள் விழுந்தது. அவர் மறுபடி குனிந்தார்.

மசாயோ பூட்ஸ் காலால் பெட்டியை அவர் பக்கம் ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.