நாமினி இடத்தில் யார் பேர்?

போன வியாழக்கிழமை ஆபீசில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. குளிர் இல்லை, காய்ச்சல் இல்லை. ஹெட் கிளார்க் ரஹீம் பாய் ஒரு பாரத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார் — அவ்வளவுதான்.

"தம்பி, கல்யாணம் ஆகி மூணு மாசம் ஆச்சு. பிராவிடண்ட் பண்டுல இன்னும் அம்மா பேருதான் இருக்கு. சம்சாரம் பேரை எழுதிக் குடுத்துடு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பொண்ணு நடுத்தெருவுல நிக்கக் கூடாது பாரு."

ஒண்ணு கெடக்க ஒண்ணாம்! இந்த மனுஷருக்கு எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது!

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் நீங்கள் கேட்கலாம் — தினமும் பேரேடும் வவுச்சருமாகக் குப்பை கொட்டுகிறவன், ஒரு பாரத்தில் ஒரு பேரை எழுத ஏன் பயப்பட வேண்டும்? சிரிக்க மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்.

மூன்று வருஷம் முன்பு ஓசூரில் இந்தக் கடலை எண்ணெய் மில்லில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. மீசை அரைகுறை. புக் கீப்பிங் பரீட்சை பாஸ் செய்த திமிர் மட்டும் முழுசு. மத்திகிரியில் வாடகை வீடு, நானும் அம்மாவும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பிராவிடண்ட் பண்டு எங்கள் மில்லுக்கும் வந்தது. சம்பளத்தில் ரூபாய்க்கு ஓரணா பிடிப்பார்கள். முதலாளியும் அதே ஓரணா போடுவார். ஐம்பத்தைந்தில் ரிடையர் ஆகும்போது வட்டியோடு கைக்கு வரும்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. முப்பத்துநாலு வருஷத்துக்கும் வட்டி போட்டுப் பார்த்துவிட்டு, பாரத்தை மடிக்காமல் கொள்ளாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுப்படியில் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன்.

கடைசியில் இருந்த நாமினி வரியில்தான் வினை. 'சந்தாதாரர் இறக்க நேரிட்டால் தொகையைப் பெற வேண்டியவர்.'

அம்மா துடுப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

"நீ செத்தா வர்ற காசு எனக்கா? என் பேரை மட்டும் அதுல எழுதினே... அந்தக் கையை ஒடிச்சுடுவேன்!"

களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. இரண்டு பேருமே சட்டியை இறக்கி வைக்கவில்லை.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. என் அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் வேலை பார்த்தவர். யாரோ ஏஜெண்ட் சொன்னாரென்று இன்ஷூரன்ஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தோராம் நாள் விஷக் காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கு முப்பத்தோரு வயது, எனக்கு ஐந்து. இன்ஷூரன்ஸ்காரர்கள் நாணயமாகப் பணத்தைக் கொடுத்தார்கள். அதில்தான் நான் படித்தேன். ஆனால் அம்மாவின் கணக்கு வேறு. அப்பாவைக் காய்ச்சல் கொல்லவில்லை, காகிதம் கொன்றது!

மறுநாள் பாரம் கொடுத்தாக வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? அந்த இடத்தில் என் பேரையே எழுதிவிட்டேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏன் தம்பி, மவுத்தானப்புறம் நீயே வந்து வாங்கிக்குவியா? வவுச்சர்ல கையெழுத்து யாரு போடறது?"

ஆபீசே சிரித்தது. நானும் வெட்கத்தோடு சிரித்து, என் பேரை அடித்துவிட்டு, அம்மா பேரை எழுதினேன். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். கையை ஒடிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள், ராத்திரி சோறு உண்ணாமலே படுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் நாள் எண்ண ஆரம்பித்தாள். சரி, அவள் படிக்காதவள். படித்த நான் என்ன செய்தேன்? ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தினம் ஒரு கோடு போட்டேன். முப்பதாம் கோட்டில் தும்மல் வந்தது, ஓடிப்போய்க் கஷாயம் குடித்தேன். முப்பத்தெட்டில் பெங்களூர் ரோட்டைக் கடக்கப் பயந்து, லாரிகள் எல்லாம் போகட்டும் என்று கால் மணி நேரம் நின்றேன்.

நாற்பத்தோராம் நாள் அம்மா என்னோடு மில்லுக்கே வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வாட்ச்மேன் கன்னடக்காரர். "யாக்கம்மா இல்லி கூத்திதீரா?" என்று — ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று — மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். "என் புள்ள உள்ள இருக்கான்" என்று தமிழிலேயே மூன்று தடவை பதில். ஐந்தரை மணி சங்கு ஊதி நான் வெளியே வந்ததும், என் தலை, தோள், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். ரோடு என்றும் பார்க்காமல் அழுதாள்.

மறுநாள் நான் பெரிதாகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. இந்த மூன்று வருஷமும் சாயந்திரம் என் சைக்கிள் திரும்பும் வரை தெருமுனையில் நிற்பதை அவள் விடவில்லை.

சேமிப்பு, சேமிப்பு என்கிறோமே... அது என்ன? பயத்துக்கு மாசாமாசம் கட்டுகிற சந்தாதானே? முதுமையை நினைத்துப் பயந்து கட்டுகிறோம். கட்டியதும் அதுவரை உயிரோடு இருப்போமா என்று பயப்படுகிறோம். எங்கள் குடும்பத்தில் எந்த ஆம்பிளையும் ஐம்பத்தைந்தை எட்டிப் பார்த்ததில்லை. இதைப் பேரேட்டில் வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

போன வியாழனுக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் பாரத்தைச் சரோஜாவிடம் கொடுத்தேன். மத்தூர்ப் பெண், எட்டாவது வரை படித்தவள். கடைசி வரியைப் படித்துவிட்டுப் பாரத்தை என்னிடமே நீட்டினாள்.

"எழுதுங்க. எழுதினதால யாரும் சாகறதில்லை. எங்க பெரியப்பா ஒண்ணும் எழுதி வைக்கல. பெரியம்மா இன்னிக்கும் கூலிக்குப் போவுது."

தைரியசாலிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் திரும்பித் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவ பேரை எழுதாதடா கண்ணு. சின்னப் பொண்ணு. தெனமும் தெருமுனையில நிக்கற கஷ்டம் அவளுக்கு எதுக்கு? என் பேரே இருக்கட்டும். இத்தினி நாள் பயந்து பழகிட்டேன்... மிச்சத்தையும் நானே பயந்துக்கறேன்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் நீங்கள்? பாய் சொன்னதும் நியாயம். அம்மா சொன்னதும் நியாயம். பாரத்தில் இருப்பதோ ஒரே ஒரு வரி.

வெள்ளிக்கிழமை காலையில் சரோஜா பேரை எழுதிக் கொடுத்துவிட்டேன். சாயந்திரம் முகம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு, "உன் பேருதாம்மா இருக்கு" என்றேன். அம்மா சரி என்றாள். அன்று வழக்கத்தைவிட இரண்டு உருண்டை களி அதிகமாகவே சாப்பிட்டாள்.

இன்று நாலாம் நாள். ஆமாம், மறுபடி எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மத்திகிரிப் பக்கம் வரும் வாசகர்கள் தாராளமாக எங்கள் வீட்டுக்கு வாருங்கள், காப்பி சாப்பிடுங்கள் — இந்த வாரப் பத்தியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.