துக்க வீடு என்று நான் எழுதிய வீடு

சென்ற ஆண்டு, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து சனங்கள் கோயில் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டா நேராக என்னிடம் வந்து, நாலாக மடித்த துண்டுப்பிரசுரம் ஒன்றை என் கையில் வைத்தாள். அதை எழுதியவன் நான். அச்சுக்குக் கொடுத்தவனும் நான். அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணை, ஆரைக் கேட்டு என்ரை மனுசனைச் சாக்காட்டினீங்கள்?"

நான் மடிப்பை விரித்துத் தலைப்பை மறுபடி வாசித்தேன்.

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நோயிலிருந்தும் கடனிலிருந்தும் விடுபட்டவர்களின் சாட்சிகளைப் பல ஆண்டுகளாக நான் வாசித்து வருகிறேன். இந்தச் சாட்சியில் ஆபத்தை உண்டாக்கியவன் நானே. நான் உண்டாக்கிய ஆபத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஆண்டவர் எப்படித் தூக்கிவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவன். தபாற் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பங்குச் சபையின் செயலாளர். எங்கள் பங்கில் எந்தக் குழந்தை எப்போது ஞானஸ்நானம் பெற்றது, எந்தப் புயலில் எத்தனை வள்ளங்கள் உடைந்தன, யார் எந்த நாளில் இறந்தார்கள் என்று எல்லாவற்றையும் என் சொந்த ஆர்வத்தில் குறித்து வைத்திருக்கிறேன். ஆண்டுத் திவசத்துக்கு நாள் பார்க்க வேண்டும் என்றால் சனங்கள் என்னிடம்தான் வருவார்கள். எனக்குத் திகதி பிழைக்காது என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நவம்பர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, எங்கள் கரையிலிருந்து ஒரு வள்ளம் தொழிலுக்குப் போனது. அதில் இருவர். வள்ளத்துக்குச் சொந்தக்காரர் மரியதாஸ், ஐம்பது வயதை எட்டியவர். அவரோடு கூடப் போனவன் ஜெயசீலன், மெற்றில்டாவின் கணவன். அன்று பிற்பகல் வாடைக்காற்று திடீரென்று எழும்பியது. மற்ற வள்ளங்கள் திரும்பின. அது திரும்பவில்லை. கடற்படையும் தேடியது, எங்கள் ஆட்களும் தேடினார்கள். சனிக்கிழமை காலை தீவுப் பக்கத்துக் கரையொன்றில் மரியதாஸின் உடல் ஒதுங்கியது. ஞாயிறு அடக்கம் செய்தோம். ஜெயசீலனும் கிடைக்கவில்லை, வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கிறிஸ்து பிறப்புப் பெருநாளான நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக எங்கள் சனங்கள் நத்தார்ச் சாமான் வாங்க நகரத்துப் பெரிய கடைகளுக்கும், வெளியூர் வியாபாரிகள் தெருவோரம் போடும் கொட்டில்களுக்கும் போய்விடுவார்கள். எங்கள் பங்கிலேயே தைப்பவர்கள் இருக்கிறார்கள், வெளிச்சக்கூடு கட்டுபவர்கள் இருக்கிறார்கள், கேக் போடும் பெண்கள் இருக்கிறார்கள். இந்த முறை எல்லாவற்றையும் பங்குக்குள்ளேயே வாங்குவோம், விற்பவர்கள் தங்கள் இலாபத்தில் ஒரு பங்கை அந்த இரண்டு குடும்பங்களுக்கும் கொடுக்கட்டும் என்று சபையில் நான்தான் பிரேரித்தேன். எல்லோரும் சம்மதித்தார்கள். துண்டுப்பிரசுரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அதன் தலைப்பில், "கடலில் உயிர்நீத்த நம் இரு சகோதரர்களின் குடும்பங்களுக்காக" என்று எழுதினேன்.

இரு சகோதரர்கள். எழுதும்போது கை நிற்கவேயில்லை.

கீழே விற்பவர்களின் பட்டியல். ஒவ்வொரு ஆண்டும் நத்தார்ப் பலகாரம் என்றால் எங்கள் ஊரில் மெற்றில்டாதான். கேக், கொக்கிஸ், பயத்தம் பணியாரம் எல்லாம் அவள் கையால் செய்தால்தான் சனங்களுக்குத் திருப்தி. ஜெயசீலனின் உழைப்புச் சாப்பாட்டுக்குப் போகும், அவளுடைய நத்தார் உழைப்பில்தான் இரண்டு பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு ஒரு வருடத்துக்கு ஓடும். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரச் சட்டி வைக்க மாட்டார்கள். பெருநாளுக்கு அயலட்டைச் சனங்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆகவே மெற்றில்டாவின் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டேன். அவளுக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் விட்டேன்.

திருவருகையின் முதல் ஞாயிறு அந்தப் பிரசுரம் கோயிலில் வாசிக்கப்பட்டு வீடு வீடாகப் போனது.

பிறகு நடந்ததை மெற்றில்டா வாயால்தான் அறிந்தேன். அவள் ஒக்டோபரிலேயே கேக்குக்கான பழங்களை வெட்டி ஊறப் போட்டிருந்தாள். புருசன் காணாமல் போன பிறகும் அவள் கறுப்புச் சீலை உடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கேக்குச் சொல்லி வைத்திருந்த பெண்கள் அந்த வாரம் ஒவ்வொருவராக அவள் வீட்டு வாசற் படலைக்கு வந்தார்கள். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "நீ ஒண்டுக்கும் யோசியாதை மெற்றில்டா, நத்தாருக்குப் பிள்ளையளுக்கு நாங்கள் கொண்டந்து தருவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமைக்குள் அவளிடம் ஒரு ஓடரும் மிஞ்சவில்லை.

இதையெல்லாம் முற்றத்தில் வைத்துச் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் செத்தவர் எண்டு நேவியும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லிப்போட்டியள். உங்கடை காசு எனக்கு வேண்டாம் அண்ணை. என்ரை அடுப்பைத் திருப்பித் தாங்கோ."

இந்த மண்ணில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போனதே என்பதுதான் என்னைக் கொன்றது. யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் படத்தைக் கையில் ஏந்தி வீதியில் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மரணச் சான்றிதழை வாங்குங்கள், உதவிப் பணம் தருகிறோம் என்று சொல்லப்பட்டபோது, அந்தக் காகிதத்தைத் தொட மறுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன், அவர்களுக்காகக் கோபப்பட்டும் இருக்கிறேன். கடைசியில் அதே காகிதத்தை நானே எழுதி, ஊர் முழுக்க விநியோகித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "செத்தவையின்ரை நாளை எழுதி எழுதி உங்களுக்குக் கை பழகிப்போச்சு. உயிரோடை இருக்கிறவையை எழுதத் தெரியேல்லை" என்றாள். மீனைக் கழுவி வைத்துவிட்டு, "போய் எனக்கு ரெண்டு கிலோ கேக் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள்.

போனேன். மெற்றில்டா மறுத்துவிட்டாள். "பாவம் பாத்து வாங்காதேங்கோ அண்ணை. நான் பாவம் விக்கிறேல்லை."

திங்களும் செவ்வாயும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நான் எழுதியது பிழை, ஜெயசீலன் இறந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை, அவளிடம் வாங்குங்கள் என்று கேட்டேன். எல்லோரும் தேத்தண்ணி தந்தார்கள். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஒரு வீட்டில், "நீங்கள் சொல்லுறது சரி அண்ணை. ஆனா செத்த வீட்டுப் பலகாரத்தை எப்பிடி நத்தார் மேசையிலை வைக்கிறது?" என்று அந்த வீட்டுக்காரி என்னிடமே திருப்பிக் கேட்டாள். இன்னொரு வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு, "நீங்களே எழுதிப்போட்டு நீங்களே அழிச்சா நாங்கள் எதை நம்புறது?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுட்டது.

பங்குத்தந்தையிடம் போனேன். மூன்றாம் ஞாயிறு திருப்பலி முடிவில் நானே வாசகப் பீடத்தில் ஏறி, நான் எழுதியது பிழை என்று சொல்ல அனுமதி கேட்டேன். அவர் அனுமதித்தார். அது மகிழ்ச்சி ஞாயிறு, றோஸ் நிற மெழுகுதிரி ஏற்றும் நாள். பீடத்தில் நின்று சொன்னேன். முடிந்ததும் பலர் வந்து என் தோளில் தட்டினார்கள், பெரிய மனம் என்றார்கள். ஒருவர்கூட மெற்றில்டா வீட்டுப் பக்கம் போகவில்லை. நத்தாருக்குப் பத்து நாள் இருந்தது. இன்னும் சில நாள் போனால் பலகாரம் செய்து முடிக்கவே காலம் போதாது.

அன்று பிற்பகல் மூன்று மணியளவில் கோயிலுக்குத் திரும்பிப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டேன். அந்த ஒரு வாரமும் நான் செபிக்காமல் இல்லை. தினமும் செபித்தேன். ஜெயசீலனை உயிரோடு கொண்டுவந்து விடும் என்று மன்றாடினேன். அன்றுதான் என் செபத்தை நானே கேட்டேன். அவன் வந்தால் என் பிழை அழிந்துவிடும். அதற்காகத்தான் அவன் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்காக அல்ல, அவளுக்காகவும் அல்ல. என் பெயருக்காக.

வெட்கத்தில் அழுதேன். வயது வந்த பிறகு நான் அப்படி அழுததில்லை. செபத்தைப் பற்றி வாசித்த ஒரு வரியும் அப்போது நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, என்னை விடும். அந்தப் பிள்ளையின் படலைக்கு ஒரு ஆளை அனுப்பும். பாவம் பார்க்காத ஒரு ஆள். ஒரே ஒரு ஆள்."

அடுத்த நாள் திங்கட்கிழமை. உடல் கிடைத்த நாளிலிருந்து எண்ணி, மரியதாஸின் முப்பத்தோராம் நாள் நினைவு. காலைத் திருப்பலி, பிறகு அவர் வீட்டில் செபமும் சாப்பாடும். பங்கில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மரியதாஸின் மனைவி ரெஜினா கறுப்புச் சீலையில், மூன்று பிள்ளைகளோடு விறாந்தையில் இருந்தாள். மெற்றில்டாவும் வந்திருந்தாள், வழக்கமாக உடுக்கும் பூப்போட்ட சீலையில். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பாயில் இடம் காலியாகக் கிடந்தது.

சாப்பாடு முடிந்து சனங்கள் எழும்பும் நேரம். ரெஜினா இருந்த இடத்தில் இருந்தே எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டாள்.

"மெற்றில்டா, உன்ரை கேக் இந்த முறை கிலோ என்ன விலை?"

மெற்றில்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னக்கா?" என்றாள்.

"என்ரை வீட்டிலை வாற வருசம் வரைக்கும் சட்டி வைக்கேலாது. பிள்ளையள் மூண்டு பேர் இருக்கினம். எனக்கு ரெண்டு கிலோ கேக்கும் அம்பது கொக்கிசும் வேணும். உன்னட்டைத்தான் வாங்குவன்."

வயதான ஒரு பெண், ரெஜினாவின் மாமி முறையானவர், தாழ்ந்த குரலில், "அவளின்ரை வீடும் துக்க வீடெல்லோ பிள்ளை" என்றார்.

ரெஜினா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன், ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்.

"மாமி, என்ரை மனுசனை நான் முகம் பாத்துப் புதைச்சனான். இவளின்ரை மனுசனை ஆர் பாத்தது? ஒரே வள்ளத்திலை போனவை எண்டதுக்காக, என்ரையாள் செத்தா அவரும் சாகவேணுமோ?"

ஜெயசீலன் இறந்துவிட்டான் என்று சொல்ல அந்த ஊரில் எவருக்காவது உரிமை இருந்தால், அது ரெஜினாவுக்குத்தான். அவள் சொல்லவில்லை. மெற்றில்டா எழும்பி வந்து, ரெஜினாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். காணாமல் போன செய்தி வந்த நாளுக்குப் பிறகு அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். சற்று நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புதன்கிழமை கொண்டந்து தாறன் அக்கா" என்றாள்.

ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் அவளிடம் போனார்கள். என்னிடம், எப்படி நத்தார் மேசையில் வைப்பது என்று கேட்டவளும் போனாள். என் மனைவியும் போனாள். அவளுடைய ஓடரை இம்முறை மெற்றில்டா ஏற்றுக்கொண்டாள். ஆனால், "உங்களுக்குக் கடைசியாத்தான் அக்கா, வரிசையிலை நில்லுங்கோ" என்று சொன்னாளாம். அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டுப் பக்கம் போனால் நெய்யும் ஏலமும் மணத்தது. நத்தார்த் திருவிழிப்புக்கு முதல் நாள், விற்ற மற்றவர்களைப் போல அவளும் தன் பங்கைக் கொண்டுவந்து சபையிடம் தந்தாள். அது ரெஜினாவின் குடும்பத்துக்குப் போனது.

அன்பானவர்களே, நான் கேட்டது ஒரு ஆளை. ஆண்டவர் அனுப்பிய ஆள் தன் துக்கத்தின் நடுவிலிருந்து எழும்பி வந்தவள். எனக்கு அது போதும். ரெஜினாவிடம் பிறகு கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய் என்று. ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளின் நத்தாரைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்தபோது திடீரென்று மனதில் வந்தது என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் முழந்தாளில் இருந்த அதே பின்னேரம்.

ஜெயசீலன் இன்னும் வரவில்லை. இதை மறைத்தால் என் சாட்சி பொய்யாகிவிடும். திசைமாறி இந்தியக் கரையில் பிடிபட்டிருக்கலாம் என்று, அக்கரைச் சிறைகளில் இருப்பவர்களின் பெயர்களை விசாரித்தோம். தெரிந்த இடமெல்லாம் கடிதம் போட்டோம். ஒரு தகவலும் இல்லை. மூத்த மகள் ஒருநாள் என்னிடம், "அப்பா எப்ப வருவார் எண்டு நீங்கள் எழுதி வைச்சிருக்கிறியளோ மாமா?" என்று கேட்டாள். இல்லையம்மா, எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல இப்போதுதான் பழகியிருக்கிறேன். ஒருவருடைய வீட்டைப் பற்றி எதையும் எழுதும் முன் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன். செபிக்கும்போது எனக்காகக் கேட்கிறேனா, அவர்களுக்காகக் கேட்கிறேனா என்று நின்று பார்க்கிறேன். பல நாளில் எனக்காகத்தான் இருக்கிறது. அப்போது மறுபடி தொடங்குகிறேன்.

நல்லது செய்வதாக நினைத்து ஒருவரைக் காயப்படுத்திவிட்டவர்கள் இதை வாசிக்கலாம். உங்கள் பிழையை உங்களால் திருத்த முடியாமல் இருக்கலாம். பயப்படாமல் ஆண்டவரிடம் போங்கள். உங்களை விட்டுவிட்டு மற்றவருக்காகக் கேளுங்கள். அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் கரையில் ஒவ்வொரு மாலையும் கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று பெயர் சொல்லிச் செபிக்கிறோம். இன்று உங்கள் வீட்டுச் செபத்திலும் ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெயசீலன். இறந்தவர்களுக்காகச் செபிக்கும் இடத்தில் சொல்லாதீர்கள். கடலுக்குப் போனவர்களோடு சேர்த்துச் சொல்லுங்கள்.