விழா மேடத்தின் பத்தாவது காரணம்

எங்கள் அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் 'விழா மேடம்' என்று பெயர். இலக்கியத் துறையில் பதினோரு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவு ஆயுள் உண்டு என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாணவர்களுக்கான இலக்கிய விழாவை நடத்துவது வருஷா வருஷம் அவள் தலையில்தான் விழும். விழா முடிந்ததும், வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக் கடிதம் வரும்.

நான் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணப் பேச்சு இருவருக்கும் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் கேட்பாரும் இல்லாமல் போயிற்று.

போன வருஷ விழாவுக்கு நானூறு பேர் உட்காரும் அரங்கில் அறுபது பேர் வந்தார்கள். அதில் பாதி மேடையில் பேச வந்தவர்களும் அவர்களைக் கூட்டி வந்தவர்களும். இந்த வருஷம் துறைத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டு, டீயெல்லாம் வாங்கிக் கொடுத்துச் சொன்னாராம்:

"ஹால் இந்தத் தடவையும் காலியா இருந்தா விழாவையே நிறுத்திடலாம்னு மேல பேசிக்கிறாங்க மேடம். விழா இல்லேன்னா உங்க போஸ்டுக்கு நான் என்னன்னு எழுதுறது? வெறும் அழைப்பிதழ் வேண்டாம். பசங்க ஏன் வரணும்னு பத்து காரணம் போட்டு நோட்டீஸ் அடிங்க."

அன்று சாயங்காலம் அக்கா வீங்கிய கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, மடியில் அட்டையை வைத்து எழுதினாள். எழுத்தாளர்களை நேரில் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், சொந்தக் கவிதையை வாசிக்கலாம், சான்றிதழ் கிடைக்கும், இரண்டு நாள் வருகைப்பதிவு கிடைக்கும் என்று போய், எட்டாவதாக டீ, பிஸ்கட் வந்தது.

"ஒன்பதாவதா ஏ.சி. போட்டிருக்கேன்டி," என்றாள்.

"பத்தாவதா பொண்ணுங்க வருவாங்கன்னு போடு."

"அதை அவனுங்களே போட்டுக்குவானுங்க." அவள் சிரிக்கக்கூட இல்லை. அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். வாளித் தண்ணீர் ஆறிப் போகும்வரை அங்கேயே தூங்கினாள்.

காலையில் தாளைக் கடையில் கொடுத்துவிட்டு, "பத்தாவதை மத்தியானம் போன்ல சொல்றேன். அதுவரைக்கும் அடிக்காதே," என்று சொல்லிப் போனாள். அன்று பார்த்து, மாணவர்கள் ப்ராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள். கவுண்டரில் கை கையாக நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் எந்த யோசனையில் இருந்தேனோ, அக்காவின் தாளையும் மெஷினில் வைத்து ஐந்நூறு என்று அழுத்திவிட்டேன். பத்து என்ற எண்ணும், ஒரு புள்ளியும், அதற்குப் பக்கத்தில் வெறும் வெள்ளையுமாக ஐந்நூறு தாள். துறையிலிருந்து ஒரு மாணவன் வந்து வாங்கிப் போய், அக்காவுக்குத் தெரிவதற்குள் எல்லாத் துறையிலும் கொடுத்தும் முடித்துவிட்டான்.

சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "சரி, விடு," என்றாள். திட்டத் தெம்பு இருந்திருந்தால் திட்டியிருப்பாள்.

மறுநாள் அவள் வகுப்பு வகுப்பாகப் போய் மாணவர்களை விழாவுக்கு அழைத்தாள். அதற்கு மறுநாள், புள்ளியியல் படிக்கும் பெண் ஒருத்தி பைண்டிங்குக்காகக் கடைக்கு வந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"விழா மேடம் எங்க கிளாஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமாக்கா? 'பத்தாவது காரணம் எங்கே மேடம்?'னு பின்னாடியிருந்து பசங்க கிண்டல் பண்ணாங்க. மேடம் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. 'நான் படிச்சப்போ வீட்டுக்குப் போகப் பிடிக்காமதான் விழாவுக்குப் போவேன்'னாங்க. அவங்க அம்மா படுத்த படுக்கையாம். வீட்டுக்குள்ள கால் வச்சா நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாங்களாம். அப்போ விழா பத்து நாள் நடக்குமாம். ஹால்ல அஞ்சு மணி வரைக்கும் யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டாங்களாம். நாலாவது நாள்தான் மேடையில என்ன பேசுறாங்கன்னே காதுல விழுந்துச்சாம். நாங்க எல்லாரும் போறோம்க்கா."

நான் பைண்டிங் கம்பியைத் தப்பாக முறுக்கிவிட்டேன்.

ஏனென்றால் அந்த நாட்களில் அம்மா கூப்பிட்டது என்னைத்தான். எனக்குப் பதினைந்து வயது. அக்காவுக்கு 'ஸ்பெஷல் கிளாஸ்'. புரட்டிப் படுக்க வைப்பதும், துணி மாற்றுவதும், மறுபடி புரட்டுவதுமாகப் பகல் போகும். அதை ஒட்டி வந்த பரீட்சையில் இரண்டு பாடம் போயிற்று. படிப்பு அதோடு சரி.

அன்று வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. அக்கா கவனிக்கவில்லை. களைத்துப்போன இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பேசாமல் இருப்பது பெரிய விஷயம் அல்ல.

விழா அன்று பதினோரு மணிக்குக் கடையை மூடிவிட்டு, கேட்டுவிடுவது என்று சாலையைத் தாண்டிப் போனேன். அரங்கு நிரம்பிப் படிகளில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் துறைத் தலைவர் அக்காவிடம், "பரவாயில்லையே மேடம். லெட்டர் ரெடி பண்ணச் சொல்லிடறேன். ஒரு வருஷம் நீங்க கவலைப்பட வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். சந்தோஷப்படுவதற்கும் தெம்பு வேண்டும் இல்லையா?

"ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னியே," என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த வருகைப்பதிவுத் தாள்களை மேஜைமேல் வைத்தாள்.

"பொய்தான்டி. மூணு வருஷமும் பொய். வீட்ல நீ இருக்கேன்னு தெரிஞ்சுதான் போனேன்."

மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

"கடையை மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், கடைசிக்கு முந்தின வரிசையில் இரண்டு பெண்களை நகரச் சொன்னாள். "இவ என் தங்கச்சி. அஞ்சு மணி வரைக்கும் இவளை யாரும் எழுப்பக் கூடாது," என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பிவிட்டாள்.

மேடையில் ஒரு பெண் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அக்காமேல் கோபம் துளியும் குறையவில்லை. இரண்டு தடவை எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். கால் வரவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் நான் பகலில் சும்மா உட்கார்ந்தது அன்றுதான்.

விழா இரண்டு நாள். மறுநாளும் நான் கடையைத் திறக்கவில்லை.