அஞ்சாம் நம்பர் எத்தனை மணிக்கு வந்தது?

அலாரம் பொருத்துகிறவனுக்குத் திருடர்களைப் பற்றி அதிகம் தெரியாது, வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் தெரியும். பெங்களூரில் பதிமூன்று வருடமாக இதுதான் என் பிழைப்பு. இதுவரை ஒரு திருடனைக்கூட நேரில் பார்த்ததில்லை. கேஸ் அடுப்பு, ஏசி, வாட்டர் ஃபில்டர் என்று அடுத்தவர் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்திப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும். ஒயரிங் சுலபம். சுவரில் மாட்டிய பேனலுக்கு அந்த வீட்டின் பழக்கவழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரிய வேலை. அதில் நான் செய்த ஒரு தப்பால் ஒரு அக்காவின் பதினோரு வருட நல்ல பேர் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். லேசானதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முப்பது நொடி

லிங்கராஜபுரத்தில் ஒரு ஐ.டி. கம்பெனிக்காரர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். வாசல் கதவைத் திறந்து முப்பது நொடிக்குள் கீபேடில் நம்பரை அழுத்தாவிட்டால் சைரன் அடிக்கும் என்று வைத்திருந்தேன். பொதுவாக எல்லா வீட்டுக்கும் அந்தக் கணக்குதான். இவர் வீட்டில் மட்டும் வாரத்தில் நாலு நாள் அடித்தது. அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்க, ஆபீசிலிருந்து வருகிற மாதிரியே வரச் சொன்னேன்.

கதவைத் திறந்தார். வாசலிலேயே நின்று ஷூ லேஸை அவிழ்த்தார். சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் திணித்தார். அடுத்த ஷூவுக்குக் குனிந்து, அந்த சாக்ஸைப் பாதி உருவும்போதே சைரன் பிடித்துக்கொண்டது. “முதல்ல நம்பர அழுத்திட்டு அப்புறம் ஷூவைக் கழட்டலாமே சார்” என்றேன். காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “ஷூவோட வீட்டுக்குள்ள வர்றதுக்கு நான் என்ன ரெய்டுக்கா வந்திருக்கேன்?”

பல்லி

ஸ்ரீராம்புரத்தில் மளிகைக் கடைக்கு மேல்மாடி வீடு. வீட்டில் ஆளே இல்லாதபோது ஹாலில் ஆள் நடமாட்டம் என்று அலாரம் அடித்தது. மூன்று முறை போனேன். சென்சாரின் கோணத்தை மாற்றினேன், உணர்திறனைக் குறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. நாலாவது முறை ஏணி போட்டு மூடியைக் கழற்றினால், உள்ளே இதமான சூட்டில் ஒரு பல்லி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அது சென்சார் கண்ணாடி மேல் நடந்தால் பேனலுக்கு ஆள் நடந்த மாதிரிதான்.

கண்டுபிடித்த பெருமையோடு கடைக்காரரின் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. “அது எந்த மூலைல சொல்லுதுன்னு தினமும் பஞ்சாங்கத்துல பாத்து நானே சந்தோஷமா இருக்கேன், நீ வந்து அதைப் போய் கம்ப்ளைண்ட்டுன்னு சொல்றியே.”

அஞ்சு பேருக்கு அஞ்சு நம்பர்

இனி அந்த அக்கா கதை. காக்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீடு. விமலா மேடத்துக்கு பேங்கில் வேலை. கணவரும் ஆபீஸ் போகிறவர், பிள்ளைகள் இரண்டு பேரும் காலேஜ். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தேன். அஞ்சாவது நம்பர், வீட்டு வேலை செய்யும் பிலோ அக்காவுக்கு. எல்லாரும் கிளம்பிப் போனபின் பத்து மணி வாக்கில் அவர் தன்னிடமுள்ள சாவியால் திறந்து வேலையை முடித்துப் பூட்டிவிட்டுப் போவார்.

யார் நம்பரில் எத்தனை மணிக்கு வீடு திறந்தது, பூட்டியது என்று பேனல் குறித்துவைக்கும். அதை ஹிஸ்டரி என்போம். மேடத்துக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது, ஆனால் அதை எடுத்துப் படிக்க என்னைத்தான் கூப்பிட வேண்டும். பிலோ அக்கா இரண்டே தரத்தில் நம்பரை மனப்பாடம் செய்துவிட்டு, “எல்லாத்தையும் எழுதி வைக்குமா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சாவின்னா யாருகிட்டயும் போய்ச் சொல்லாது.”

வெள்ளிக்கிழமை 22:10

இரண்டு மாதம் கழித்து மேடம் உடனே வரச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி பிலோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் பீரோவில் இருந்த ஒரு ஜோடி வளையலைக் காணோம். ஹிஸ்டரியைப் படிக்கச் சொன்னார். பிலோ அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

படித்தேன். சனிக்கிழமை காலையில் ஒன்றுமே இல்லை. அஞ்சாம் நம்பர் வெள்ளிக்கிழமை 22:10-க்குத் திறந்து 22:55-க்குப் பூட்டியிருந்தது. ராத்திரி பத்து மணி பத்து நிமிஷம் என்று என் வாயாலேயே சொன்னேன். “சனிக்கிழம காலைலதான் மேடம் வந்தேன்” என்றார் பிலோ அக்கா. மேடம் அவரைப் பார்க்கவில்லை, கீபேடைத்தான் பார்த்தார். “மிஷின் பொய் சொல்லாது பிலோ. சாவியக் குடுத்துடு, நாளைலேருந்து வர வேணாம்.”

நான் போட்ட 04

பழக்கதோஷத்தில் இன்னும் சில வரிகளைத் தள்ளிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை 06:00-க்கு மேடத்தின் நம்பரில் வீடு பூட்டியிருந்தது. அவர்கள் கிளம்பியதோ சாயங்காலம் ஆறு மணிக்கு. அதற்கு முந்தைய நாட்களிலும் மேடம் ராத்திரி எட்டரைக்கு பேங்குக்குப் போய் விடிகாலை ஆறரைக்குத் திரும்பியிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பேனலுக்கு இருபத்துநாலு மணிக் கணக்கு. பொருத்திய அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நேரம் வைத்தபோது 16 போடாமல் 04 போட்டிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் பின்னால் ஓடிய மெஷினுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி, வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. யாருமே தங்கள் வரியைப் படித்துப் பார்க்கவில்லை, அஞ்சாம் நம்பரின் வரியைத்தான் தேடியிருக்கிறோம்.

சொன்னால் கம்பெனியில் என் மானம் போகும். சத்தமில்லாமல் நேரத்தை மாற்றிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். பிலோ அக்கா கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்ற முடியாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “தப்பு என்னுது மேடம், டைமை நான் தப்பா வச்சிட்டேன்” என்று ஒவ்வொரு வரியாகக் காட்டினேன்.

மேடத்துக்கு முகம் சிறுத்துவிட்டது. “தப்பா நெனச்சுட்டேன் பிலோ. அதான் தெரிஞ்சுபோச்சே, நாளைக்கு எப்பவும்போல வா” என்றார். வளையல் அப்புறம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. பிலோ அக்கா ஒருவழியாகச் சாவியைக் கழற்றி டீப்பாய் மேல் வைத்தார். “மிஷின தம்பி சரி பண்ணிடுவாரு மேடம். பதினோரு வருஷமா இங்க இருக்கேன், என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி அதைப் போய்க் கேட்டீங்களே.”

தப்பைச் செய்துவிட்டு ஒத்துக்கொண்ட எனக்கு, நேர்மையான ஆள் என்று மேடம் சிபாரிசு செய்து அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டு வேலை கிடைத்தது, தப்பே செய்யாத பிலோ அக்காதான் வேறு வேலை தேடிப் போனார்.