ஓடைப்பட்டியில் பந்தல் எழுந்த ஞாயிறு

2003 ஏப்ரல் கடைசி, வெள்ளிக்கிழமை. முழுப்பரீட்சைத் தாள்களைத் திருத்தி ஒப்படைத்த மறுநாள், கிழக்கு வெளுக்கும் முன்பே எங்கள் ஊரான நாசரேத்தில் பஸ் ஏறினேன். திருநெல்வேலியில் ஒரு மாற்றம், மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி ஆரப்பாளையத்துக்கு டவுன் பஸ், அங்கிருந்து தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். உசிலம்பட்டி தாண்டும்வரை வெயிலும் புழுதியும்தான். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் முக்கி முனகி ஏறி, மறுபக்கம் இறங்கியபோது காற்றின் சுபாவமே மாறியது. மூன்று பக்கமும் மலை, நடுவே பச்சை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, யாரோ முகம் கழுவத் தண்ணீர் கொடுத்ததுபோல இருந்தது.

என் தங்கை கிரேஸ் ஓடைப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருடம். கல்யாணம் எங்கள் ஊரிலேயே நடந்ததாலும், விடுமுறைக்கு அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதாலும், அவள் வீட்டை நான் பார்த்ததேயில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. பதினைந்து வருடமாக ஆலயத்து ஞாயிறு பள்ளியில், இயேசு சொன்ன திராட்சைக்கொடிப் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் நான் வரையும் கொடி, பாகற்கொடியில் உருண்டை காய்த்ததுபோல இருக்கும். நிஜத் திராட்சைக்கொடியை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

தேனியிலிருந்து சின்னமனூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்தார். மடியில் மருந்து தெளிக்கும் குழாயின் மூக்கு ஒன்று, செய்தித்தாளில் சுற்றியபடி.

“எங்கன போறீக?”

“ஓடைப்பட்டிக்கு. தங்கச்சி வீட்டுக்கு.”

“திராட்சைத் தோட்டமா? கொடுத்து வச்சவக. ஆனா இந்த மாசம் காத்துதான் எங்களுக்கு எமன். பழுத்துத் தொங்கயில ஒரு காத்து அடிச்சா முடிஞ்சுது” என்றார்.

வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

சின்னமனூரில் மறுபடி பஸ் மாறி ஓடைப்பட்டியில் இறங்கியபோது மூன்று மணி. கிரேஸின் கணவர் செல்வராஜ் டிவிஎஸ் வண்டியோடு நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். “வாங்க மதினி, ரொம்ப அலைச்சலா?” என்றதோடு சரி.

சாயங்காலம் கிரேஸ் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். தலைக்கு மேல் கம்பிப் பந்தல். கல்தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. நிழலுக்குள் குனிந்து நுழைந்ததும் வெயில் பச்சையாகிவிட்டது. கொடி என்று நான் நினைத்திருந்தது மெல்லிய நூல். இங்கே தரையிலிருந்து எழும் தண்டு என் மணிக்கட்டை விடத் தடிமன், பட்டை உரிந்து, முறுக்கிய கயிறுபோல இருந்தது. மேலே போனதும் கம்பியில் படுத்துக்கொள்கிறது. இலைக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகப் பன்னீர்த் திராட்சைக் குலைகள்.

“ஏட்டி, இம்புட்டுத் தடியா இருக்கே, கம்பி இல்லாம நிக்காதா?” என்று கேட்டேன்.

கிரேஸ் சிரித்தாள். “நிக்காதுக்கா. தரையிலதான் கெடக்கும்.”

அடுத்த தோட்டமும் திராட்சைதான். சின்னச்சாமி என்பவருடையது. நடுவில் ஒரு வாய்க்கால், அதன் கரையில் வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த அவர் மனைவி பேச்சியம்மாள், கிரேஸிடம் குரலைத் தணித்து, “உங்க அக்காவா? அப்படியே உன் சாடை!” என்றார். அடுத்த நொடி அவர் வீட்டுக்காரர் இருமும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது கிரேஸ் சொன்னாள். பந்தல் நிற்பதற்கு மூலைக்கு மூலை வெளியே கல் புதைத்து, இழுகம்பி கட்ட வேண்டும். செல்வராஜ் பந்தல் போட்டபோது ஒரு கல் வாய்க்காலைத் தாண்டி சின்னச்சாமி நிலத்தில் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. கேட்டிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ, கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அந்த மூலை சரிந்து ஒரு வரிசைக் கொடியை வெட்ட வேண்டியதாயிற்று. நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. பெண்கள் இருவரும் மட்டும் வேலியோரம் ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

“இவுக தினமும் வேதம் வாசிக்காக, ஜெபிக்காக. எல்லாத்துலயும் வளந்துட்டாக. இந்த ஒரு இடத்துல மட்டும் அப்படியே நிக்காக” என்றாள் கிரேஸ். நான் பார்த்த எல்லாத் திருச்சபையிலும், எல்லா மனிதரிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது.

சனிக்கிழமை. காலையில் ஊர் சுற்றினோம். சாலையோரம் கிலோ பன்னிரண்டு ரூபாய் என்று அட்டையில் எழுதித் திராட்சை விற்றார்கள். தெற்கே மேகமலை நீலமாக, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதுபோல நின்றது. மதியத்துக்குமேல் அந்த நீலம் கறுத்தது. நாலரை மணிக்கு முதல் காற்று வந்தது. வீட்டு ஓட்டில் மணலை அள்ளி வீசியதுபோல ஒரு சத்தம், பிறகு மழை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி தெருமுனைவரை ஓடியது. செல்வராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு தோட்டம் இருக்கும் திசையையே பார்த்து நின்றார்.

காற்று அடங்கியதும் ஓடினோம். செல்வராஜின் பந்தல் நின்றிருந்தது. இலை கிழிந்திருந்தது, ஓரத்தில் சில குலை உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் பந்தலே தெரியவில்லை. மூலை இழுகம்பி அறுந்து, தூண்கள் சாய்ந்து, ஒரு ஏக்கர் பச்சையும் நனைந்த போர்வைபோலத் தரையில் கிடந்தது. வெட்டுக்கு மூன்று நாளே இருந்த பழம். செவ்வாய்க்கிழமை வியாபாரியின் லாரி வருவதாக இருந்தது. பேச்சியம்மாள் தலையில் கை வைத்துச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். சின்னச்சாமி அழவில்லை. சாய்ந்த ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிரேஸ் வேலியைத் தாண்டிப் போய்ப் பேச்சியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். செல்வராஜ் வேலி வரைக்கும் போனார். அதற்குமேல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் புறப்பட்டோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம் என்று செல்வராஜ் முன்னால் நடந்தார். சின்னச்சாமியின் தோட்டம் வழியில்தான். அவர் தனியாளாக ஒரு கவட்டைக் கம்பை முட்டுக்கொடுத்துப் பந்தலின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு முழம் எழும்பும், கம்பு வழுக்கும், மறுபடி விழும். செல்வராஜ் அந்தப்பக்கம் திரும்பாமல் நடந்தார். நாங்களும் அவர் பின்னால் போனோம்.

ஆலயம் சிறியது. ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர், ஐம்பது பேர் இருப்பார்கள். பாட்டு முடிந்து, யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா என்று போதகர் கேட்டார். செல்வராஜ் எழுந்தார். நான்கு பேர் முன்னால் பேசவே கூச்சப்படும் மனிதர், நெற்றியில் வேர்வை.

“எனக்கும் சின்னச்சாமி அண்ணனுக்கும் பேச்சு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். வரும்போது அவரு ஒத்தையா நின்னு பந்தலத் தூக்கிட்டு இருந்தாரு. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன். இங்கன உக்காந்ததுல இருந்து பாட்டும் காதுல ஏறல, வசனமும் ஏறல. எனக்கு ஜெபம் வேண்டாம். ஆளு வேணும். யாராச்சும் என் கூட வாறீகளா?”

போதகர் வேதாகமத்தை மூடினார். “பிரசங்கத்த அடுத்த வாரம் வச்சுக்கிடுவோம். ஆசீர்வாதம் சொல்லிடுறேன். வீட்டுல கம்பு, கடப்பாரை உள்ளவுக எடுத்துட்டு வந்துருங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு ஒரு சபையே வரப்பில் நடந்து வருவதைப் பார்த்ததும் சின்னச்சாமி கம்பைக் கீழே போட்டார்.

“என்னப்பா கூட்டமா வாறீக? பஞ்சாயத்தா?”

“பஞ்சாயத்து இல்லண்ணே. பந்தலத் தூக்க வந்தோம்” என்றார் செல்வராஜ்.

சின்னச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உன் பந்தல் நிக்குதுல்ல. அங்கன போயி உன் பழத்த அறு.”

“என் பந்தல் நிக்குது. அதான் வந்தேன்.”

இருவரும் அசையவில்லை. பேச்சியம்மாள்தான் சேற்றுக்கையோடு நடுவில் வந்தார். “மனுசங்க வந்து நிக்கிறாக. வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா தேஞ்சு போகும்?”

சின்னச்சாமி தலையைக் குனிந்தார். “வாங்க” என்றார். யாருக்கும் கேட்காத குரல், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. கிழக்கு ஓரத்தில் தொடங்கினோம். ஒரு வரிசைக்கு இருபது பேர் பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, கவட்டைக் கம்புகளைக் கம்பிக்குக் கொடுத்து, செல்வராஜ் “தூக்கு!” என்றதும் ஒன்றாக எழுந்தோம். என் கையிலும் ஒரு கம்பு. இலையிலிருந்த மழைத்தண்ணீர் முழுக்கத் தலையில் கொட்டியது. குலைகள் முகத்தில் மோதின. ஒரு பந்தலுக்கு இவ்வளவு கனமா! பிள்ளைகளிடம் கனி, கனி என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்; அதற்கு எடை உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்திலிருந்த செல்வராஜிடம், “உங்க பந்தல் மட்டும் எப்படி நின்னுச்சு?” என்று கேட்டேன்.

“எங்க கொடியில இந்தத் தடவ காய் கம்மி மதினி. அண்ணன் தோட்டத்துல நல்ல காய்ப்பு. அந்தக் கனம்தான் சாச்சிருச்சு.”

பொல்லாத கொடி விழும், நல்ல கொடி நிற்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இங்கே அதிகம் சுமந்ததுதான் விழுந்திருந்தது. அதைத் தூக்க, குறைவாகச் சுமந்தவர்கள் வந்திருந்தார்கள்.

அடுத்த தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கோயிலுக்குப் போய்த் திருநீறோடு வந்தவர்கள் சிலர், மருந்து தெளித்துக்கொண்டிருந்தவர்கள் சிலர். “ஏலே, அங்கன ஒரு கம்பு குடு!”, “ஆத்தா, நீ இங்கன வா, சேறு வழுக்கும்!” என்று சத்தம். அவர்கள் தோட்ட வேலையில் பாடும் பாட்டு ஒன்றை ஒரு பக்கம் ஆரம்பித்தார்கள், எங்கள் ஆட்கள் ஆலயத்து ஞானப்பாட்டை ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. வரிசை வரிசையாகப் பச்சை எழுந்தது. கொடிகள் வளைந்திருந்தன, ஒடியவில்லை. ஒவ்வொரு தண்டும் நிமிரும்போது பேச்சியம்மாள் அதைத் தடவிக் கொடுத்தார்.

கடைசியில் வாய்க்கால் பக்கத்து மூலை. அங்கேதான் கம்பி அறுந்திருந்தது. புதிதாகக் கல் புதைக்கத் தோண்டினால் ஒரே சகதி; கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அங்கே கல் நிற்காது. கெட்டி மண் வாய்க்காலுக்கு மறுபக்கம், செல்வராஜின் நிலத்தில் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சின்னச்சாமி, “இந்த மூலை போனாப் போகட்டும். ஒரு வரிசைய வெட்டிருவோம்” என்றார்.

செல்வராஜ் கடப்பாரையை வாங்கி வாய்க்காலைத் தாண்டினார். தன் வேலியில் ஒரு கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவரே தோண்டினார். இடுப்பளவு குழி வெட்டி, “கல்ல இங்கன உருட்டுங்க” என்றார்.

கல் இறங்கியது. சங்கிலிக் கப்பியை மாட்டி இழுக்க இழுக்கக் கம்பி விறைத்தது. கடைசி மூலை மெதுவாக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, தலைக்கு மேலே போய் நின்றது. அந்தத் தோட்டத்தில் எழுந்த சத்தம் மேகமலையில் கேட்டிருக்கும். போதகரின் வெள்ளைச் சட்டை முழுக்கத் திராட்சைச் சாறு. அவர் சின்னப்பிள்ளைபோலக் கைதட்டினார். நான் அழுதேன், பிறகு ஏன் என்று தெரியாமல் சிரித்தேன்.

மூன்று மணிக்கு அந்தப் பந்தலின் நிழலிலேயே சாப்பாடு. பேச்சியம்மாளும் கிரேஸும் சேர்ந்து சமைத்த சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ரசம். சின்னச்சாமி பரிமாறிக்கொண்டே வந்து செல்வராஜின் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“அன்னைக்கி உன் கல்ல நான் பிடுங்குனேன். இன்னைக்கி உன் மண்ணுல என் கல்லு நிக்குது. நான் என்னத்தச் சொல்ல தம்பி?”

“கேக்காம வச்சது என் தப்புண்ணே” என்றார் செல்வராஜ். இலையைக் காட்டி, “ரசம் ஊத்துங்க, சோறு காயுது” என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. சின்னச்சாமியும் சிரித்தார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு கரண்டி நிறைய ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. மூன்றில் ஒரு பங்கு பழம் சேற்றில் போய்விட்டது. மீதி முழுக்கப் பெட்டிகளில் ஏறியது. செல்வராஜ் சின்னச்சாமிக்குப் பழம் வெட்டிக் கொடுத்தார், புதன்கிழமை அவர் செல்வராஜுக்கு வெட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன். எங்கள் ஊர் பனங்காடு. பனை தனியாக முளைத்து, தனியாக உயர்ந்து, எந்தப் புயலிலும் தனியாக நிற்கும். விசுவாசத்தில் வளர்வது என்றால் அப்படித்தான் என்று எண்ணி வளர்ந்தவள் நான். பிறர் கையை எதிர்பார்க்காமல் நிமிர்ந்து நிற்பவனே தேறினவன் என்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் கர்த்தர் எனக்கு வேறு ஒன்றைக் காட்டினார். தானாக நிற்கத் தெரியாத ஒரு செடி, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வானம் பார்த்துப் படர்ந்து, தன்னால் தாங்க முடியாத அளவு காய்க்கிறது. செல்வராஜ் அத்தனை வருடம் வாசித்த வேதம் வீண்போகவில்லை. கொடிக்குள் ஓடும் நீர் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் துளிராக வெளியே வரும்.

சாலை கொஞ்சம் மேடேறும் இடத்தில் திரும்பிப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது வாய்க்காலும் தெரியவில்லை, வேலியும் தெரியவில்லை. ஒரே பச்சைக் கூரை, வெயிலில் மினுங்கியது.

பக்கத்து இருக்கைக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “இதுல எதும்மா உங்க ஆளுக தோட்டம்?” என்று கேட்டார்.

ஜன்னல் வழியே கையை நீட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காட்டினேன்.

“எல்லாமே” என்றேன்.